தேய்க்கலாமா, வேண்டாமா?

"இந்தத் தலையணை உறையைத் தேய்க்கலாமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்கண்ணே."

இஸ்திரிக்காரருக்கு எரிச்சலாக வந்தது. மூன்று மாடி ஏறி வந்த மூச்சே இன்னும் அடங்கவில்லை. கீழே, படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் அவருடைய கடையில் துணி மலையாகக் குவிந்து கிடக்கிறது. இங்கேயோ இந்த அம்மாள் வாசலில் துணிக்கூடையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு துணியையும் கூண்டில் ஏற்றி விசாரணை நடத்திக்கொண்டிருக்கிறாள்.

"உங்க இஷ்டம்மா."

"தலை வெச்சுப் படுத்தா அஞ்சு நிமிஷத்துல கசங்கிடும். யாரு பாக்கப் போறா? வேண்டாம், விட்டுடுவோம்." ஓரமாகப் போட்டவள் மறுபடி கையில் எடுத்தாள். "ஆனா கன்னத்துல படற துணியாச்சே. சுருக்கம் இருந்தா உறுத்தும்ல?"

"உறுத்தும்மா."

"அப்ப எடுத்துக்குங்க. துண்டு வேண்டாம். துண்டைத் தேய்ச்சா தண்ணியை உறிஞ்சாதுங்கறாங்களே, நிஜமா?"

"தெரியலம்மா. துண்டை யாரும் தேய்க்கக் குடுக்கறதில்ல."

"பாத்தீங்களா! நானும் அதைத்தானே சொன்னேன்." கேஸ் ஜெயித்தவள் போலச் சிரித்தாள். "இது வீட்டுல கட்டற புடவை. இதுக்கு எதுக்கு? இந்தாங்க, அவரோட ஆபீஸ் சட்டை. இதைக் கேக்கவே வேண்டாம். கையில மடிப்பு ஒண்ணு போதும், ரெட்டை மடிப்பு விழுந்துடக் கூடாது."

கூடத்தைத் தாண்டி இருந்த அறையின் கதவு எப்போதும் போல ஒருக்களித்திருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. இந்த வாயோடு அந்த மனுஷன் எப்படித்தான் குடித்தனம் நடத்துகிறாரோ என்று நினைத்துக்கொண்டே மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டார் இஸ்திரிக்காரர்.

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு கடையே அவருக்கு வீடு. அங்கேயே சமையல், மேஜைக்கு அடியிலேயே படுக்கை. "எப்ப கிடைக்கும்?" என்பதற்கு மேல் வாடிக்கைக்காரர்கள் அவரிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. பேசிப் பழக்கம் விட்டுப்போன மனுஷனுக்கு அடுத்தவர் பேச்சும் பாரமாகத்தான் இருந்தது.

கடைக்கு வந்து அந்தச் சட்டையை மேஜையில் விரித்தவர் அப்படியே நின்றுவிட்டார். போன தடவை அவர் போட்ட மடிப்பு இன்னும் கத்தி போல நின்றது. காலரில் துளி அழுக்கில்லை. வேர்வை வாடையும் இல்லை. ஆனால் முதுகும் முன்பக்கமும் யாரோ இரண்டு கையாலும் பிடித்துக் கசக்கியது போலச் சுருங்கிக் கிடந்தன. மூட்டையில் இருந்த மற்ற சட்டைகளை எடுத்துப் பார்த்தார். அவையும் அதே கதைதான்.

உடுத்தாத சட்டையை வேண்டுமென்றே கசக்கிக் கொடுக்கிறார்கள்! பொழுது போகவில்லையென்றால் விளையாட என் உழைப்புதானா கிடைத்தது? அவருக்குக் காதெல்லாம் சூடேறியது.

மறுநாள் சாயங்காலம் துணியைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் கையோடு கேட்டுவிட்டார்.

"ஏம்மா, போடாத சட்டையைக் கசக்கிக் கசக்கிக் குடுக்கறீங்களே, இது என்ன விளையாட்டு?"

"நானா? நான் எதுக்குண்ணே கசக்கப் போறேன்?"

"அப்ப பேய் வந்து கசக்குதா? என்னால ஆகாதும்மா. இனிமே வேற ஆளைப் பாத்துக்குங்க."

அவள் கையில் ஒரு போர்வை இருந்தது. அவரிடம் கேட்பதற்காகவே எடுத்து வைத்திருந்தாள் போல. "இந்தப் போர்வையை மட்டும்..." என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. முகம் விளக்கை அணைத்தது போல ஆகிவிட்டது.

அவர் விடுவிடுவென்று இறங்கினார். பின்னாலேயே கூப்பிடுவாள், இரண்டு வார்த்தை திட்டவாவது செய்வாள் என்று ஒரு மாடி வரை காதைத் தீட்டிக்கொண்டுதான் வந்தார். கதவு சாத்தப்படும் சத்தம் மட்டும் கேட்டது.

கடைக்கு வந்தும் வேலை ஓடவில்லை. ரேடியோவைப் போட்டார், நிறுத்தினார். கொஞ்சம் பதமாகச் சொல்லியிருக்கலாமோ என்று மனசு அரித்தது.

அப்போதுதான் ஒருத்தர் வந்து நின்றார். கையில் துணி எதுவும் இல்லை. அவசரத்தில் செருப்புகூடப் போடாமல் இறங்கி வந்திருந்தார்.

"நான் மூணாவது மாடிண்ணே. சட்டைங்களைக் கசக்கறது அவ இல்ல, நான்தான்."

இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "என்ன சார் இது? எதுக்கு?"

"தேய்க்க எதுவும் இல்லேன்னா நீங்க மேல வரமாட்டீங்களே. கோவிச்சுக்காதீங்க. எவ்வளவு வேணாலும் தர்றேன், வர்றதை மட்டும் நிறுத்திடாதீங்க."

"காசுக்காக இல்ல சார். உங்க வீட்டம்மா பேச ஆரம்பிச்சா நிறுத்தமாட்டேங்கறாங்க, என் பொழைப்பு கெடுது. தேய்க்கலாமா வேண்டாமாங்கறதை அவங்க உங்ககிட்ட கேக்கக் கூடாதா?"

அந்த மனிதர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க பொண்ணை அடக்கம் பண்ணிட்டு வந்த நாள்லேர்ந்து அவ யார்கிட்டயும் வாயைத் திறக்கறதில்லண்ணே, எங்கிட்டயும்தான். வந்தவங்க எல்லாரும் ஆறுதல் சொன்னாங்க. நீங்க ஒருத்தர்தான் வந்து துணி இருக்கான்னு கேட்டீங்க. நீங்க வாசல்ல நிக்கற அந்தக் கொஞ்ச நேரம்தான், அறைக்கதவுக்குப் பின்னால நின்னு, என் பொண்டாட்டி குரலை நான் கேக்கறேன்."