அமீர்பேட்டுக்கு ரெண்டு டிக்கெட்

"அம்மன் எறங்கியிருக்கா. தள்ளி நின்னு கும்பிடுங்க," என்றாள் செல்லம்மா. தமிழில் ஒரு தரம், தெலுங்கில் ஒரு தரம்.

குழாயடியில் தலைவிரி கோலமாக நின்ற பட்டுவைச் சுற்றிக் காலனிப் பெண்கள் கைகூப்பினார்கள். சத்தம் கேட்டு ஓடிவந்த பத்ரிநாராயணனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

பட்டு அவர் மனைவி. ஒரு மாதமாகச் சரியான தூக்கமில்லை. சுவருக்குள் யாரோ பேசுகிறார்கள் என்பாள். இன்றைக்குக் குடத்தை விட்டெறிந்து, அங்கே இல்லாத யாரையோ திட்டித் தீர்த்திருக்கிறாள்.

செல்லம்மாவுக்கு எதிர் க்வார்ட்டர்ஸ். வெள்ளிக்கிழமை தவறாமல் அவள் மேல் சாமி வரும். ஆபீசர் சம்சாரங்கள்கூட வந்து குறி கேட்பார்கள். போன வருஷம் மகள் ரமாவின் காய்ச்சலுக்கு வேப்பிலை அடிக்க வந்தவளை பத்ரி வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறார்.

"உங்க கூத்தை எங்காத்துல வெச்சுக்காதீங்கோ," என்றார் பல்லைக் கடித்தபடி.

செல்லம்மா பட்டுவைக் கைத்தாங்கலாக வீட்டில் கொண்டுவந்து விட்டாள். "சாமி மலையேற நாளாகும் சார். மாமியைத் தனியா விடாதீங்க."

மறுநாள் காலை பத்ரி மனைவியோடு பஸ் ஏறினார். மனநல ஆஸ்பத்திரி இருப்பது எர்ரகட்டாவில். ஹைதராபாத்தில் அந்தப் பெயரே ஒரு வசவு. அந்த ஸ்டாப்பில் இறங்குவதை ஒருத்தர் பார்த்தால் போதும், சாயந்திரத்துக்குள் காலனி முழுக்கத் தெரிந்துவிடும். ரமாவுக்குக் கூடிவந்திருக்கும் வரன் அத்தோடு சரி.

"அமீர்பேட்டுக்கு ரெண்டு," என்று எர்ரகட்டாவுக்கு அப்பால் இருக்கும் ஸ்டாப்புக்கே டிக்கெட் வாங்கினார். தெரிந்த முகம் இல்லையென்றால் நடுவில் நழுவிவிடலாம்.

பட்டுவை முன்னால் பெண்கள் சீட்டில் உட்கார வைத்துவிட்டு நிமிர்ந்தார். ஜன்னலோரம் இருந்தவள் திரும்பினாள். செல்லம்மா.

"எங்க சார், காலங்காத்தால?"

"அமீர்பேட். புடவை எடுக்கணும்."

"நானும் அங்கதான்."

கூட்டம் அவரைப் பின்னால் தள்ளியது. அங்கிருந்து பட்டுவின் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. செல்லம்மாவின் காதோடு விடாமல் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். பத்ரி எக்கி எக்கிப் பார்த்தார்.

மூசாப்பேட் தாண்டியது.

"எர்ரகட்டா! பைத்தியம் எதாச்சும் இருந்தா இறங்கிக்கோங்க," என்று தெலுங்கில் கத்தினான் கண்டக்டர்.

பஸ் சிரித்தது. செல்லம்மாவும் சிரித்தாள். பத்ரியும் சிரித்தார்.

"ஏன்னா, இங்கதானே இறங்கணும்னேள்?" பட்டுவின் குரல் பஸ் முழுக்கக் கேட்டது.

பத்ரி பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "இல்லடி. அமீர்பேட்."

ஆஸ்பத்திரியின் மதில் சுவர் ஜன்னலுக்கு வெளியே மெல்ல நகர்ந்து போனது. பட்டு அதையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அவர் வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அமீர்பேட்டில் இறங்கியதும், "அப்போ நாங்க வரோம்," என்று பட்டுவை இழுத்துக்கொண்டு விலகப் பார்த்தார். செல்லம்மா விடவில்லை. ஓர் ஆட்டோவை நிறுத்தியிருந்தாள்.

"ஏறுங்க சார்."

"எங்க?"

"நீங்க இறங்காம விட்ட இடத்துக்கு."

பத்ரி குரலைத் தாழ்த்தினார். "செல்லம்மா, தயவுபண்ணி யார்கிட்டயும் சொல்லிடாதீங்கோ. பொண்ணு கல்யாணம்..."

"அதுக்குத்தான சாமின்னு சொன்னேன்? கிறுக்குன்னா கதவைச் சாத்துவாங்க. சாமின்னா கையெடுத்துக் கும்பிடுவாங்க. நீங்க பாட்டுக்கு வைத்தியம் பாருங்க, கேட்டா கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனேன்னு நான் சொல்லிக்கிறேன்."

பட்டுவை முதலில் ஏற்றி, தானும் ஏறிக்கொண்டாள்.

"தாண்டி வந்து இறங்கணும், ஆட்டோவுல திரும்பணும்," என்றார் பத்ரி மெதுவாக. "இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

செல்லம்மா இடுப்பிலிருந்து ஒரு காலி மாத்திரை அட்டையை எடுத்தாள்.

"தீந்துபோச்சு சார். இன்னைக்கு வாங்கலைன்னா, வெள்ளிக்கிழமை நிஜமாவே வந்திரும்."