ஆட்டத்துக்கு மூன்று மதிப்பெண்

குளிர்காலம் வருவதற்குள் கடல் தாண்டியாக வேண்டிய நாரைக் கூட்டம் அது. தரையில் கால் படாமல் ஏரியைச் சுற்றிப் பறக்க வேண்டும். சுற்றுக்கு ஒரு மதிப்பெண். ஏழு எடுத்த குஞ்சுக்குத்தான் கடல் பயணம். பரீட்சை வைக்கிற வாத்தியார் நாரைக்கு ஆட்டம் என்றால் உயிர். மாலையில் அக்கரைக்கு வந்து தன்னோடு ஆடுகிறவர்களுக்கு மூன்று மதிப்பெண் கூடுதலாகப் போடுவார். பிள்ளைகள் நாலு பேரோடு பழகட்டுமே என்பது அவர் எண்ணம்.

மருதி ஆறு சுற்று பறந்தாள். வெண்ணி நாலோடு இறங்கிவிட்டாள். ஆனால் வெண்ணி ஒரு நாள்கூட ஆட்டத்துக்கு வராமல் இருந்ததில்லை.

“வெண்ணி ஏழு, தேறிட்டா. மருதி, நீ அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்,” என்றார் வாத்தியார்.

“இறக்கை ஒடிஞ்ச தங்கச்சிக்குச் சாயங்காலம் மீன் கொண்டு போகணும் ஐயா. அதான் ஆட்டத்துக்கு வர முடியல.”

“விதி எல்லாருக்கும் ஒண்ணுதானேம்மா.” அதைச் சொன்னபோது தன் நேர்மையில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

நடுக்கடலில் அவருக்குப் பின்னால் ஓர் இறக்கைச் சத்தம் தடுமாறியது. திரும்பிப் பார்த்தார். வெண்ணி அலையைத் தொடும் அளவுக்குத் தாழ்ந்திருந்தாள்.

“ஐயா, நாலு சுற்றுக்கு இருந்த தெம்பு தீர்ந்துபோச்சு,” என்றாள் மூச்சு வாங்க. “நீங்க குடுத்த அந்த மூணு எங்கே இருக்கு? அதுல கொஞ்சம் உட்கார்ந்துக்கிறேன்.”

ஒரு பாறையாவது தெரிகிறதா என்று வாத்தியார் கடல் முழுக்கத் தேடினார்.