குறுக்கே வந்த எருமை

"அந்த எருமைக்குக் கண்ணும் இல்ல, காதும் இல்ல சார். நான் பாட்டுக்கு நேரா போய்க்கினு இருந்தேன். சட்டுனு குறுக்கே பூந்துச்சு. நான் இன்னா பண்ணுவேன்?" என்றான் ஹனீப்.

பழவேற்காட்டில் அவன் வீட்டு வாசலில் ஆஸ்டின் கார் மூக்கு நசுங்கி நின்றது. இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுப்பிய துளசிராமன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஊர் ஊராக அலைகிற உத்தியோகம் போலிருக்கிறது, முகம் கன்னங்கரேலென்று கறுத்திருந்தது. கண்ணைச் சுற்றி மட்டும் கொஞ்சம் வெளுப்பு.

"எங்கே நடந்தது பாய்?"

"பொன்னேரி ரோட்டுல சார். மாமனார் வர்றதுக்குள்ள வண்டிய சரி பண்ணணும்."

நடந்தது சோழவரத்தில். யுத்த காலத்தில் விமானம் இறங்கிய தளத்தில், போன ஞாயிற்றுக்கிழமை கார்ப் பந்தயம். கருவாட்டு வியாபாரி ஹனீபுக்கு, கார் வந்த நாளிலிருந்தே வலது காலில் ஓர் அரிப்பு. வீட்டில் சொல்லாமல் போய்ப் பெயர் கொடுத்துவிட்டான்.

கடைசித் திருப்பத்தில் ஒரு நீலக் கார் வலதுபுறமிருந்து வந்து இவன் மூக்குக்கு முன்னால் வெட்டித் திரும்பியது. டமால்! ஓட்டியவன் எல்லாரையும் போல தோல் தொப்பியும் கண்ணை மூடும் பெரிய கண்ணாடியும் மாட்டிக்கொண்டு புழுதியில் குளித்திருந்தான். பின்பக்கம் நசுங்கிய காரோடு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான்.

பந்தயத்தில் ஆன சேதம் அவனவன் பாடு என்றார்கள் பந்தயம் நடத்திய கிளப்காரர்கள். பந்தயம் என்றால் கம்பெனியும் தராது. காரோ மாமனார் அமீருதீன் ஆசையாக வாங்கிக் கொடுத்தது. விஷயம் தெரிந்தால் மனிதர் காரோடு சேர்த்து மகளையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார்.

அப்படித்தான் அந்த எருமை பிறந்தது.

துளசிராமனின் கை கார்க் கதவில் போய் நின்றது. "இதென்ன, வெள்ளையா வட்டம்?"

பந்தய நம்பருக்குப் போட்ட சுண்ணாம்பு வட்டம். ஹனீப் தோள் துண்டால் அதை அவசரமாகத் தேய்த்தான். அவனிடமிருந்து உண்மையை ஏற்கெனவே கறந்துவிட்ட மனைவி கமர் நிஷாவின் குரல் வாசல் திரைக்குப் பின்னாலிருந்து வந்தது. "கோழி எச்சம் சார். எவ்ளோ தேச்சும் போவல."

"கெட்டிக்காரக் கோழிம்மா. வட்டமாப் போட்டிருக்கு" என்று துளசிராமன் அடுத்த பக்கம் நகர்ந்தார். "எருமை ஓரமா தன் வழியில போயிட்டிருந்து, நீங்க பின்னாலிருந்து இடிச்சிருப்பீங்களோ?"

"நானா? வலது பக்கமா வந்து முன்னாடி பூந்ததே அதுதான் சார்!"

"அதுக்கும் ஏதாவது அவசரம் இருந்திருக்கும்."

"எருமைக்கு இன்னா சார் அவசரம்?" ஹனீபுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. நீலக் காரின் முதுகு கண்ணில் ஆடியது. "திமிரு புடிச்ச எருமை சார் அது. அறிவு கெட்ட எருமை. இவ்ளோ நடந்தும் நின்னு பாக்கல. அத்த வளத்தவங்கள சொல்லணும்."

துளசிராமனுக்குக் காது மடல் துடித்தது. "வளர்த்தவங்களை எதுக்கு பாய் இழுக்கறீங்க?"

இவர் வீட்டிலும் மாடு கன்று இருக்கும்போல என்று ஹனீப் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அப்போ முழுத் தப்பும் எருமை மேலதான். சரிதானே?"

"ஆமா சார். வேணும்னா..." என்று ஹனீப் கையைத் தூக்கினான்.

திரைக்குப் பின்னால் ஓர் இருமல். "இன்னாங்க, சத்தியம் மட்டும் பண்ணாதீங்க."

தூக்கிய கை அப்படியே இறங்கி, நெற்றி வியர்வையைத் துடைத்தது. "நானும் கொஞ்சம் வேகமாத்தான் போனேன் சார்" என்றான் ஹனீப், தரையைப் பார்த்து. "பிரேக்கை முன்னாடியே அமுக்கியிருக்கலாம்."

துளசிராமனின் முகம் முதல் தடவையாக இளகியது. கமர் நிஷா அனுப்பிய தேநீரை நின்றபடியே குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தெருவின் இருபுறமும் பார்த்தார்.

"கம்பெனி சல்லிக்காசு தராது பாய். சோழவரத்துல ஆனதுக்கெல்லாம் தரமாட்டாங்க."

"சார்... சோழவரமா?" என்றான் ஹனீப்.

"ரிப்பேர்ல பாதி என் பொறுப்பு. உங்க மாமனார் வர்றதுக்குள்ள வண்டி தயாராயிடும். நான் சொன்னேன்னு மட்டும் மெட்ராஸ் ஆபீசுல மூச்சு விடாதீங்க. என் உத்தியோகம் போயிடும்."

"பேஜாரா கீதே! நீங்க எதுக்கு சார் குடுக்கணும்?"

துளசிராமன் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"அந்த எருமை நான்தான் பாய்."