வெள்ளைன்னா காத்து, சிவப்புன்னா தண்ணி

“வெளிக்காத்துல ஆறுற இன்டர்கூலர் எங்கிட்டயே இருக்குது தம்பி. வர்ற வாரமே வண்டியை எடுத்துட்டுப் போயிடலாம். தண்ணியில ஆறுறதுதான் வேணும்னா வெளிநாட்டுலேர்ந்து வரணும். எப்ப வரும்னு கப்பல்காரனுக்கே தெரியாது” என்றார் மெக்கானிக் நல்லதம்பி.

பெரம்பலூர் பைபாஸ் ஓரத்து ஷெட்டில், முன் பம்பரைக் கழற்றியதால் பல் பிடுங்கிய வாயோடு நின்றது கலையரசனின் டர்போ கார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த கார்தான். கம்பெனி வைத்த இன்டர்கூலர் போதாது என்று எவனோ ஒரு வீடியோவில் சொல்ல, அன்றைக்கே கொண்டுவந்து கழற்றிப் போட்டுவிட்டான். மழைக்காலம் போய் வெயில் காலமும் வந்துவிட்டது. பதிலுக்கு எதை மாட்டுவது என்ற முடிவு மட்டும் வரவில்லை.

அவன் மனைவி கவிதாவுக்கு இது ஏழாம் மாதம். வேலை அரியலூரில். கார் ஷெட்டுக்குப் போன நாளிலிருந்து பஸ்ஸில் இடிபட்டுத்தான் போய்வருகிறாள்.

“அந்தக் கூலரு அப்படி என்னதாண்ணே பண்ணும்?” என்று, அன்றைக்கு அவனோடு ஷெட்டுக்கு வந்திருந்தவள் கேட்டாள்.

“டர்போ காத்தை அமுக்கி இன்ஜினுக்கு அனுப்புதும்மா. அமுக்குனா காத்து சூடாயிடும். அதை ஆற வைக்கணும். டீயைக் காத்துல ஆத்தியும் குடிக்கலாம், டம்ளரைத் தண்ணியில வச்சும் ஆற வைக்கலாம். அவ்ளோதான்.”

“இவரு ரெண்டையும் விட்டுட்டு டீக்கடையையே பிரிச்சுப் போட்டுட்டு நிக்கிறாரு.”

கலையரசன் அதைக் காதில் வாங்கவில்லை. “அரியலூர் ரோட்டுல சிமெண்ட் லாரி பின்னாடி போய்ப் பாருங்கண்ணே. காத்துல ஆறுறது முன்னாடிதான இருக்கும்? தூசி அடைஞ்சு சுவரே எழும்பிடும். தண்ணிதான் சரி.”

“தண்ணின்னா அதுக்குத் தனியா தொட்டி, மோட்டாரு, குழாய்னு ஒரு குடித்தனமே வைக்கணும் தம்பி. ரேஸுக்குப் போறவங்க மாட்டுவாங்க. நீங்க எங்க போறீங்க?”

“அரியலூர்.”

நல்லதம்பி ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தார்.

“வூட்டுக் குழாயிலயே வாரத்துக்கு ஒரு வாட்டிதான் தண்ணி வருது. இதுல காருக்கு வேறயா?” என்ற கவிதாவின் குரல் சட்டென்று தணிந்தது. “ஏங்க, வலி எடுத்தா நான் பஸ் ஸ்டாப்புலதான் நிக்கணுமா?”

“அதுக்குள்ள வந்துடும் கவி.”

“எது, கூலரா? புள்ளயா?”

ஷெட்டில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஊரே ஒரு பக்கம், தான் மட்டும் ஒரு பக்கம் என்றானதும் கலையரசன் மேலிடத்துக்குப் போனான்.

“நீயும் சொல்ல வேணாம், நானும் சொல்ல வேணாம். இன்னிக்கு வெள்ளிக்கிழமை, சிறுவாச்சூர் அம்மன் கோயில்ல நடை தெறந்திருக்கும். பூ கட்டிப் பாத்துடுவோம். வெள்ளைன்னா காத்து, சிவப்புன்னா தண்ணி. ஆத்தா சொல்றதுதான் முடிவு. அப்புறம் யாரும் வாயைத் தொறக்கக் கூடாது.”

“என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பகூட ஆத்தாகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. இரும்புச் சாமானுக்குக் கேக்குறீங்க” என்றாள் கவிதா. “சரி, கெளம்புங்க.”

அவள் அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வாள் என்று அவன் நினைக்கவில்லை.

கோயில் வாசலில் அவனுக்குத் திடீரென்று பரிவு பொங்கியது. “நீ அலையாத, நெழல்ல உக்காரு” என்று மனைவியை ஒரு பூக்காரி பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, எதிர்ப்பக்கக் கடைக்குத் தானே போனான். பூவை வாங்கி, வாழையிலைத் துண்டுகளில் மடித்து, நாரால் கட்டி, இரண்டு பொட்டலங்களாகத் தட்டில் ஏந்தி வந்தான். அதற்குள் கவிதா பூக்காரியோடு சிநேகமாகியிருந்தாள்.

“தட்டைப் புடி. காலைக் கழுவிட்டு வந்துடறேன்.”

“நல்லா கழுவிட்டு வாங்க” என்றாள் கவிதா.

பூசாரி தட்டை அம்மன் காலடியில் வைத்துக் கற்பூரம் காட்டினார். வரிசையில் நின்ற ஒரு சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு, ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொன்னார். கவிதா கண்ணை மூடி முணுமுணுத்தாள். கலையரசனோ பரீட்சைக்கு முன்பே கேள்வித்தாள் கிடைத்தவன்போல நிம்மதியாக நின்றான்.

பூசாரி பொட்டலத்தைப் பிரித்தார். “வெள்ளை. நல்ல உத்தரவு.”

கலையரசனுக்குக் குப்பென்று வேர்த்தது. பூவைத் தொட்டுப் பார்த்தான். நந்தியாவட்டைதான். மறுகணம் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். எழுந்து வெளியே வந்ததும் நல்லதம்பிக்குப் போன் போட்டான். “காத்தையே மாட்டிடுங்கண்ணே. இன்னிக்கே ஆரம்பிச்சிடுங்க.”

திரும்பும்போது பஸ்ஸிலும் கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டே வந்தான். “ஆத்தா நெசமாவே இருக்கா கவி. எனக்குத்தான் தெரியும்.”

“ஏங்க, அப்படி என்ன நடந்திச்சு?”

அதை மட்டும் அவனால் சொல்ல முடியவில்லை. இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு அரளியையே வைத்துக் கட்டியவன், அதிலிருந்து வெள்ளைப் பூ வந்த அதிசயத்தை எந்த வாயால் சொல்வான்?

கண்டக்டர் வந்தார். “எனக்கு இலவசம். இவருக்கு மட்டும் ஒண்ணு குடுங்க” என்று கவிதா பைக்குள் கையை விட்டாள். சில்லறையோடு இரண்டு வாழையிலைப் பொட்டலங்களும் வெளியே வந்தன. அவன் கட்டிய அதே முடிச்சு.

ஒன்றைப் பிரித்தாள். சிவப்பு. இன்னொன்றையும் பிரித்தாள். அதுவும் சிவப்பு.

“நான் ரெண்டுலயும் வெள்ளையையே வச்சு மாத்துனது ஆத்தாளுக்குப் பொறுக்குமான்னு ஒரு பயம் இருந்துச்சுங்க” என்றாள் கவிதா. “இப்பப் போயிடுச்சு.”