முப்பத்தொன்றாம் எண் கவர்

"இந்த வருஷம் காணிக்கைக் கணக்கை மொத்தமா வாசிக்கப் போறதில்ல. கமிட்டி தீர்மானம். கவர் நம்பர் வாரியா வாசிக்கப் போறேன். யாரும் எழுந்திரிச்சுப் போயிடாதீங்க!"

சர்ச்சின் ஆண்டுக் கூட்டத்தில் பொருளாளர் மைக்கில் இப்படிச் சொன்னதும் லிஃப்ட் மெக்கானிக் வாசல் பக்கம் பார்த்தான்.

சபையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு எண். மாதத்துக்கு ஒரு கவர். எந்த எண் யாருடையது என்பது அங்கே கைக்குழந்தையைத் தவிர எல்லாருக்கும் தெரியும். அவன் வீட்டு எண் முப்பத்தொன்று.

ஒரு வருஷமாக அந்தக் கவருக்குள் ஒன்றுமே இல்லை.

பக்கத்தில் மனைவி நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். சம்பளம் வந்ததும் வாடகைக்கு முன்னால், பாலுக்கு முன்னால், பத்தில் ஒரு பங்கை எடுத்துக் கவரில் போட்டு, மேலே தொகையையும் எழுதி ஒட்டுகிறவள். "ஆண்டவர் பங்கு. பத்திரமாப் போடுங்க" என்று அவன் கையில்தான் கொடுப்பாள்.

அவனும் பத்திரமாகத்தான் பிரிப்பான். பணத்தை எடுத்துக்கொண்டு மறுபடி ஒட்டிக் காணிக்கைப் பையில் போடுவான். மேலே அவள் கையெழுத்து இருக்கும், உள்ளே காற்று இருக்கும்.

கம்பெனியில் சம்பளத்தில் பத்தில் ஒன்றை வெட்டிவிட்டார்கள். அதை வீட்டில் சொல்ல கௌரவம் இடம் கொடுக்கவில்லை. காணிக்கைப் பணத்தை எடுத்து வைத்து, அடுத்த சம்பளத்தோடு சேர்த்து, "இந்தா, முழுச் சம்பளம்" என்று நீட்டினான். ஒரு மாதம்தானே என்று ஆரம்பித்தது. ஒரு பொய்யை மறைக்கப் பதினோரு பொய்.

சம்பளம் குறைந்ததை அவள் தாங்கிக்கொள்வாள். ஆண்டவர் பணத்தில் கை வைத்ததைத் தாங்க மாட்டாள். அதற்கப்புறம் அவன் சொல்கிற எதையும் நம்பவும் மாட்டாள்.

"என்னங்க, இப்படி வேர்க்குது? உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல, புழுக்கம். வா, வீட்டுக்குப் போயிடலாம்."

"இருங்க, நம்ம நம்பரைக் கேட்டுட்டுப் போவோம்."

முன் வரிசையில் இருந்த பூட்டுக்கடைக்காரர் திரும்பி அவனைப் பார்த்தார். ஞாயிறுதோறும் பொருளாளரோடு உட்கார்ந்து கவர்களைப் பிரிக்கிறவர். ஆக, அவருக்கும் தெரியும். ஒரு வருஷமாக ரெண்டு பேரும் மூச்சு விடவில்லை. இன்றைக்கு மைக் வைத்துச் சொல்லப் போகிறார்கள்!

அவன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான்.

"இருபத்தொம்பது..."

அவன் முன் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"முப்பது..."

ஜெபம் பண்ணப் பார்த்தான். வரவில்லை. யாரிடம் திருடினானோ அவரிடமே எந்த முகத்தை வைத்துக்கொண்டு உதவி கேட்பது?

"முப்பத்தொண்ணு. ஐம்பதாயிரத்து நானூறு."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. பொருளாளர் பாட்டுக்கு அடுத்த எண்ணுக்குப் போய்விட்டார். மனைவிதான் விரல் விட்டு எண்ணினாள்.

"என்னங்க, நாம போட்டது நாப்பத்தெட்டாயிரம்தானே? ரெண்டாயிரத்து நானூறு கூட வருதே!"

போன உயிர் வந்த வேகத்தில் திரும்பப் போயிற்று.

"அது... அப்பப்ப நான் கையிலேருந்து கொஞ்சம் சேர்த்துப் போட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே!" அவள் முகம் பூரித்துவிட்டது. அதைப் பார்க்க அவனுக்குக் கூசியது. ஆனாலும் என்ன, பொருளாளருக்கு வயதாகிவிட்டது, யார் பணத்தையோ எண் மாற்றி எழுதியிருக்கிறார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

"நாப்பத்தாறு..." பொருளாளர் நிறுத்தினார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "நாப்பத்தாறு. பூஜ்யம்."

அத்தனை தலைகளும் பூட்டுக்கடைக்காரர் பக்கம் திரும்பின.

"மனுஷன் கவரையும் பூட்டிட்டாருய்யா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு அலை அலையாகப் பரவியது.

எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது லிஃப்ட் மெக்கானிக்தான். அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த பயமெல்லாம் சிரிப்பாக வந்தது.

"சிரிக்காதீங்க" என்று மனைவி அவன் கையைத் தட்டினாள். "பாவம், அவருக்கு என்ன கஷ்டமோ."

பூட்டுக்கடைக்காரர் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தார்கள். மனைவி யாருடனோ பேசப் போனாள். அவன் படி இறங்கும்போது தோளில் ஒரு கை விழுந்தது. பொருளாளர்.

"தம்பி, கொஞ்சம் நில்லு."

அவர் வாயைத் திறக்கும் முன் இவன் முந்திக்கொண்டான்.

"என்னய்யா இது அநியாயம்? கவரைப் பிரிக்கிற மனுஷனே வருஷம் பூரா வெறுங்கவர் போடலாமா? ஆண்டவர்னு ஒரு பயம் வேண்டாம்?"

பொருளாளர் குரலைத் தாழ்த்தினார்.

"வெறுங்கவர் போட்டது அவரில்ல, நீ. தன் கவர்ல இருந்ததை மாசா மாசம் அவர்தான் உன் நம்பர்ல எழுதச் சொன்னாரு."

அவன் கண் கூட்டத்தில் பூட்டுக்கடைக்காரரைத் தேடியது.

"இன்னைக்கு வாசிச்சா எல்லாரும் சிரிப்பாங்களேன்னு காலையிலகூடக் கேட்டேன் தம்பி. 'அந்தப் பொண்ணு நம்பி எழுதின தொகை பொய்யாயிடக் கூடாது. என்னைப் பார்த்து யார் சிரிச்சா என்ன? அவன் சிரிச்ச முகமா வீடு போய்ச் சேரட்டும்'னாரு."