வேண்டாமென்று சொன்னவர்

“இவர் சரிவரமாட்டார். அடுத்த ஆளைக் கூப்பிடுங்கோ” என்றார் போதகர் நவரட்ணராஜா.

கண்டித் தேவாலயத்தில் அன்று ஊழியப் பயிற்சிக்கு ஆள் தெரிவு. கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்த தேவசகாயம் அப்போதுதான் எழுந்து வெளியே போயிருந்தான்.

தெரிவுக் குழுவிலிருந்த லீலாதேவி டீச்சருக்குப் பொறுக்கவில்லை.

“என்ன ஐயா இது? கேட்டதுக்கெல்லாம் வடிவாப் பதில் சொன்னவர். தொழிலாளர் லயத்துப் பிள்ளையளுக்கு ஞாயிறு பள்ளி நடத்துறவர். தோட்டங்களுக்கு அனுப்ப ஊழியர் இல்லையெண்டு போன கூட்டத்திலை நீங்கள்தானே கவலைப்பட்டனீங்கள்?”

“ஓம், நான்தான்.”

“அப்ப இவருக்கு என்ன குறை?”

“சபையை நடத்துற பக்குவம் இல்லை.”

“எப்பிடித் தெரியும்?”

“தெரியும்.”

போதகர் பட்டியலில் அந்தப் பெயரைக் கோடிட்டு அடித்தார். குழுவின் தலைவர் அவர்தான். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

வெளியே விறாந்தையில் தேவசகாயத்தின் தாய் அங்கம்மா காத்திருந்தாள். கொழுந்து பறிக்கும் மலைக்கு லீவு சொல்லிவிட்டு, வெள்ளைச் சேலை உடுத்தி, மகனோடு முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். போதகரைக் கண்டதும் எழுந்தாள்.

“புள்ளைய எப்பங்கய்யா அனுப்பணும்?”

“உங்கட மகனை எடுக்கேல்லை, அம்மா. வேண்டாமெண்டு நான்தான் சொன்னனான்.”

அவள் மகனையும் போதகரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஏங்கய்யா?”

போதகர் கையிலிருந்த பட்டியலை மடித்தார்.

“லயத்துப் பய அங்கி போட்டுக்கிட்டு பீடத்துல நின்னா, ஒங்க ஆளுக முழங்கால் போட மாட்டாங்களோ?”

“அம்மா, வா போவோம்” என்றான் தேவசகாயம். அவன் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“நீ சும்மா இரு! பொறந்தப்ப மூச்சே இல்லாம கெடந்த புள்ளைங்கய்யா. பொழைச்சா ஒனக்கேன்னு கடவுளுக்குக் குடுத்தேன். அவரு வாங்கிக்கிட்டாரு. வேணாங்கிறதுக்கு நீங்க யாரு?”

விறாந்தையில் நின்றவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். போதகர் அசையாமல் நின்றார்.

“கோவமெண்டால் என்னிலை கோவிச்சுக்கொள்ளுங்கோ. பெடியனை ஒண்டும் சொல்லாதேங்கோ” என்று மட்டும் சொன்னார்.

அங்கம்மா அவர் முன்னாலேயே சேலைத் தலைப்பை உதறிக்கொண்டு இறங்கிப் போனாள்.

அடுத்த மாதம் தோட்டத்துச் சிற்றாலயத்தில் அவர் திருவிருந்து கொடுத்தபோது அங்கம்மா வரவில்லை. அதற்கடுத்த மாதம் அவள் லயத்தார் ஒருவரும் வரவில்லை. பிறகு, ஆளில்லாத வாங்கு வரிசைகளைப் பார்த்தே அவர் பிரசங்கம் பண்ணவேண்டியிருந்தது.

யாழ்ப்பாணத்துப் போதகருக்குத் தோட்டத்து ஆளைப் பிடிக்காதாம் என்ற கதை கலஹாவிலிருந்து தெல்தோட்டை வரை போனது. கண்டி மஹய்யாவவில் பழக்கமான வீடுகளில்கூட அவருக்குக் கதவு பாதிதான் திறந்தது. அவர் யாரிடமும் விளக்கம் சொல்லவில்லை.

வருஷக் கடைசியில் அவரை மன்னாருக்கு மாற்றினார்கள்.

சாமான் கட்ட உதவிக்கு வந்தவர் லீலாதேவி டீச்சர் ஒருவர்தான். வெளியே மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது.

“ஒரு நல்ல ஊழியனையும் இழந்து, சனத்தையும் இழந்துபோட்டுப் போறீங்கள், ஐயா. உங்களுக்கு இப்பவாவது மனம் குத்தேல்லையோ?”

“குத்துது, டீச்சர்” என்றார் அவர், பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டே. டீச்சர் துணி மடிக்க உள்ளறைக்குப் போனார்.

அப்போது வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. தேவசகாயம். இப்போது கண்டியில் ஓர் இரும்புக் கடையில் வேலை செய்கிறான். தொப்பலாக நனைந்திருந்தான். டீச்சர் உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்தது அவனுக்குத் தெரியாது.

“இன்னைக்கு அம்மாகிட்ட சொல்லிடப் போறேன், ஐயா.”

“என்னத்தைச் சொல்லப் போறீர்?”

“உண்மையைத்தான். தோட்டத்துல பஞ்சம் வந்தப்ப அக்கா புள்ளை பசியில செத்ததுலேர்ந்து எனக்கு ஜெபம் வரலன்னு. வாய்தான் அசையுது, உள்ளுக்குள்ள ஒண்ணுமில்லன்னு. ‘என்னை எடுத்துடாதீங்க, அம்மா மொகத்தப் பாத்து என்னால மாட்டேன்னு சொல்ல முடியாது’ன்னு, தெரிவுக்கு மொத நாளு தனியா வந்து ஒங்க கால்ல விழுந்து அழுதது நான்தான்னு.”

உள்ளறையில் டீச்சரின் கை நின்றது.

“இத்தனை பேச்சும் ஒங்க தலையில விழுந்திருச்சு. அம்மா தெனமும் முழங்கால்ல நின்னு, ஒங்களை நியாயந்தீர்க்கச் சொல்லிக் கடவுள்கிட்ட கேக்குது, ஐயா. என்னால கேட்டுக்கிட்டு இருக்க முடியல.”

போதகர் கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“சொல்லவேண்டாம், தம்பி. எனக்கு எதிராயெண்டாலும் அவ ஜெபிக்கிறா. உண்மை தெரிஞ்சால் அதையும் விட்டிடுவா.”