பக்கத்து சீட்

இனிமேல் பில்லிங் அக்காவைக் காரில் ஏற்றுவதில்லை என்று அவள் முடிவே செய்துவிட்டாள்.

வீட்டில் கைக்குழந்தை. பகலெல்லாம் சமர்த்தாகத் தூங்கிவிட்டு, ராத்திரியானால் கொட்டக் கொட்ட முழித்துக்கொள்ளும். கணவனுக்கு நைட் ஷிஃப்ட். காலையில் மாமியார் வந்து குழந்தையைக் கையில் வாங்கியதும், பாதி சாப்பாட்டோடு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அங்கே லேபில் நுழைந்தால் தலைநிமிர நேரம் இருக்காது. ரிப்போர்ட் எங்கே, ரிப்போர்ட் எங்கே என்று ஒவ்வொரு வார்டிலிருந்தும் போன்.

இரண்டுக்கும் நடுவில் அவளுக்கென்று இருந்தது அந்தக் காலை நேரக் கார்ப் பயணம் ஒன்றுதான். ஜன்னலை ஏற்றிவிட்டு, பாட்டை மெல்ல ஓடவிட்டு, யாருக்கும் பதில் சொல்லாமல் வரலாம். டிராஃபிக்கில் மாட்டினால் மற்றவர்கள் ஹாரன் அடிப்பார்கள். இவள், இன்னும் கொஞ்சம் நிற்கட்டுமே என்று நினைப்பாள்.

அதில்தான் அக்கா மண்ணைப் போட்டார்.

அக்கா அதே ஆஸ்பத்திரியில் பில்லிங் கவுன்டரில் இருப்பவர். இவள் பிரசவ லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிய புதிதில், ஒருநாள் காலை இவள் தெருமுனை பஸ் ஸ்டாப்பில் நின்று கை காட்டினார். பஸ்ஸில் கூட்டம் தாங்க முடியவில்லையாம். பாவம் என்று ஏற்றிக்கொண்டாள். மறுநாளும் நின்றார். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. சாயங்காலம் மட்டும் வர மாட்டார். தனக்கு வேறு வேலை இருக்கிறது, நீ கிளம்பு என்று சொல்லிவிடுவார்.

ஏறி உட்கார்ந்ததும் முதல் வேலையாகப் பாட்டை நிறுத்துவார். அடுத்தது ஜன்னலை இறக்குவார். அப்புறம் பேச்சு. சம்பந்தி வீட்டுச் சண்டை, மாடிக் குடித்தனக்காரர் வளர்க்கும் நாய், டாக்டர்களின் கையெழுத்து. சும்மா கேட்டுக்கொண்டிருந்தாலும் விட மாட்டார். ஒவ்வொன்றுக்கும், "நீ என்னம்மா சொல்ற?" என்று தீர்ப்புக் கேட்பார். வெறும் 'உம்' கொட்டினால் ஆகாது. பதில் வராவிட்டால் தோளைத் தட்டுவார். நடுநடுவே கைப்பையிலிருந்து பல் கூசுகிற புளிப்பு மிட்டாய் ஒன்றை உரித்து நீட்டுவார்.

இப்படிக் காதைத் தின்கிறாரே என்று கணவனிடம் புலம்பினாள். முகத்துக்கு நேரே சொல்லிவிடேன் என்றான் அவன். அதற்குத்தான் வாய் வரவில்லை. பொய் சுலபமாக வந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் அக்கா இறங்கும்போது, "நாளையிலேர்ந்து என் நாத்தனார் என்கூட வராங்க அக்கா. பின் சீட்டெல்லாம் குழந்தை சாமான். அதான்..." என்று இழுத்தாள்.

அக்கா கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தாள். அவர் கேட்டது வேறு.

"அவங்க இங்க வரைக்கும் வருவாங்களா, நடுவுல இறங்கிடுவாங்களா?"

"இங்க வரைக்கும்தான் அக்கா."

"நல்லாப் பேசுவாங்களா?"

இதென்ன கேள்வி என்று இவளுக்கு எரிச்சலாக வந்தது. பேசுவாங்க என்றாள்.

"அப்ப சரிம்மா" என்று அக்கா போய்விட்டார்.

மறுநாள் தெருமுனையில் யாரும் இல்லை. ஜன்னலை ஏற்றினாள். பாட்டைப் போட்டாள். ஏசிக் காற்று முகத்தில் இதமாகப் பட்டது. விட்டது தொல்லை என்றிருந்தது. கார், கால்வாயை ஒட்டிய நேரான ரோட்டுக்கு வந்தது.

காதைக் கிழிக்கிற ஹாரன்.

கண்ணைத் திறந்தபோதுதான், இவ்வளவு நேரம் மூடியிருந்தோம் என்பதே அவளுக்குத் தெரிந்தது. எதிரே லாரி. ஸ்டியரிங்கை ஒடித்தாள். கார் மண்ணில் இறங்கிக் குலுங்கி நின்றது. லாரிக்காரர் திட்டிக்கொண்டே கடந்து போனார்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் குழந்தையின் முகம் கண்ணுக்குள் வந்து வந்து போனது. மனசு கொஞ்சம் அடங்கும் வரை அழுதுவிட்டு, காரை அங்கேயே பூட்டிப் போட்டுவிட்டு பஸ் ஏறினாள்.

ஆஸ்பத்திரி கேட்டில் காவலாளி வழிமறித்தார்.

"என்னம்மா, கார் எங்க? பில்லிங் அக்கா பதறிப் போயிருக்காங்க. நீங்க வந்துட்டீங்களான்னு நாலு தடவை வந்து கேட்டுட்டாங்க."

வண்டி ஓட்டும்போது தூங்கிப்போய்விட்டதைத் திக்கித் திணறிச் சொன்னாள். காவலாளி ஆச்சரியப்படவில்லை.

"அன்னைக்கும் இப்படித்தானேம்மா" என்றார்.

லீவு முடிந்து அவள் வந்த முதல் வாரம். இதே கேட்டில் அவள் கார் நேராக அக்கா மேலேயே போயிருக்கிறது. அக்கா துள்ளி விலகியதால் தப்பித்தார். கண் செருகிக் கிடந்த அவளுக்கு அது தெரியவே இல்லை. காவலாளி கொதித்துப்போய் மேலிடத்தில் சொல்லக் கிளம்பியிருக்கிறார். அவர் கையைப் பிடித்து நிறுத்தியது அக்காதான்.

"கைக்குழந்தைக்காரி, ராத்திரியில தூக்கம் கிடையாது. மேல சொன்னா வேலை போயிடும், அவகிட்டச் சொன்னா ஒடிஞ்சு போயிடுவா. அவ தூங்காம நான் பார்த்துக்கறேன்னாங்கம்மா."

"நல்லவேளை, அக்கா வீடும் எங்க பக்கமாவே இருந்துச்சு" என்றாள்.

காவலாளி அவளை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு ரோட்டுக்கு அந்தப் பக்கம், மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்த வீட்டைக் கை காட்டினார்.

"அதுதாம்மா அக்கா வீடு. அங்கேர்ந்துதான் தினமும் விடியக்காலை பஸ்ஸைப் பிடிச்சு, உங்க தெருமுனைக்கு வந்து நிப்பாங்க."